வெந்நீரும் வெண்மையும்

துணி துவைப்பதும் அறநெறி ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகுமா என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். உண்ணும் உணவைப் பற்றி ஆராய்கின்றோம். உண்ணும் காலத்தைப் பற்றியும் ஆராய்கின்றோம். குடிக்கும் நீரை வடிகட்டுவது பற்றி விரிவாகப் பேசுகின்றோம். ஆயின், ஒரு குடும்பம் குடிப்பதற்குக் கொள்ளும் நீரைப் போலப் பல மடங்கு நீர் துணி துவைப்பதற்குச் செலவாகின்றது. அந்நீரோடு இக்காலத்தில் நெருப்பும் சேர்ந்துகொண்டது. நீரையும் நெருப்பையும் உயிருடையனவாகக் காணும் நெறியில் வந்தோர் இதனைச் சிறு பொருள் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

ஆடையே துறந்த திகம்பர முனிவர்க்கு இவ்வினா எழுவதில்லை. இது முழுவதும் நம்மைப் போன்ற இல்லறத்தார்க்கே உரிய வினா. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்று பல இல்லங்களில், முன்புறக் கதவு வழியே துணியிடும் சலவை இயந்திரங்கள் உள்ளன. அவற்றின் குமிழில் 30, 40, 60, 90 என்று எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை நீரின் சூட்டைக் குறிப்பன. எந்த எண்ணில் குமிழை நிறுத்துவது என்பது ஒவ்வொரு முறையும் ஒருவர் எடுக்கும் முடிவாகும். அம்முடிவுக்குப் பின்னால் ஓர் அறம் உண்டா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

வெள்ளாவியின் வெப்பம்

நமது முன்னோர் துணியை வெளுத்த முறை இருவகையானது. வீட்டில் அன்றாடம் உடுத்தவற்றைக் கிணற்றடியிலோ கண்மாய்க் கரையிலோ பச்சைத் தண்ணீரில் கசக்கினர். பட்டுக்குப் பூவந்திக்கொட்டை, மற்றவற்றுக்குச் சவுக்காரக்கட்டி. வேட்டி, படுக்கை விரிப்பு, பிள்ளை பெற்ற வீட்டுத் துணி முதலியன சலவைத் தொழிலாளரிடம் சென்றன. அங்கேதான் வெப்பம் இருந்தது. துணிகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, நீர் நிரப்பிய பெரும்பானைகளின் வாய்மேல் வட்டமாக அடுக்கி, மேலே மூடி, அடியில் இரவு முழுவதும் தீ எரிப்பர். நீராவி அடுக்கினூடே ஏறித் துணியை வேகவைக்கும். இதுவே வெள்ளாவி. விடிந்தபின் அவற்றைத் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசி, வெயிலில் விரித்து, நீலமும் கஞ்சியும் இட்டு மடித்துத் தருவர். எந்த வீட்டுத் துணி என்று அறியச் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட குறி எத்தனை வெள்ளாவிக்கும் அழியாது.

உவர்மண்ணின் காரமும் நீராவியின் வெப்பமும் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கை இளக்கின, கிருமிகளையும் அழித்தன. அறிவியல் நோக்கில் குறை கூற இயலாத முறை அது. எனினும், பழையதெல்லாம் நன்று என்று போற்றிவிட நம்மால் இயலவில்லை. அந்தத் தீயின் முன் இரவெல்லாம் விழித்தவர் யார்? ஊரார் அழுக்கைப் போக்கியவரையே ஊரார் அழுக்குடையவர் என்று தள்ளி நிறுத்தினர். மணவீட்டில் நடந்து செல்லும் வழியில் அவர் விரித்த மாற்றுத் துணி மங்கலம் எனப்பட்டது. அவரோ திண்ணைக்கு அப்பால் நின்றார். 1910ஆம் ஆண்டுவரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தையும் தன்னுள் கொண்டிருந்த திருநெல்வேலி மாவட்டத்தில், தாழ்த்தப்பட்டோர்க்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் நிலை இன்னும் கொடியது. அவர்கள் பகலில் பிறர் கண்ணில் படலாகாது என்ற கட்டுப்பாட்டினால் இரவில் வேலை செய்தனர் என்னும் 1932ஆம் ஆண்டு நாளிதழ்ச் செய்தியை, ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். அம்மக்களுக்கெனத் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது 2009இல்தான்.

ஆகவே, ஒரு துணி வெண்மையாக உள்ளதா என்று மட்டும் பார்ப்பது போதாது. அவ்வெண்மைக்காக எவர் வெந்தார், எது எரிந்தது என்றும் பார்த்தல் வேண்டும்.

இயந்திரங்கள் வந்த வழி

மேலைநாட்டாரும் துணியை வேகவைத்தவர்களே. இங்கிலாந்தில் திங்கட்கிழமை சலவை நாள். பெரிய செப்புக் கொப்பரையில் நீரைக் கொதிக்கவைத்து, துணிகளை அதிலிட்டுக் கழியால் கிளறுவர். 1907இல் ஜெர்மனியில் ஹென்கெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பெர்சில் என்னும் சலவைத்தூளில் இருந்த வெளுப்புப் பொருள் கொதிநீரில்தான் நன்கு வேலை செய்தது. எனவே, தூள் வந்த பின்னும் கொதிக்கவைக்கும் வழக்கம் நீங்கவில்லை. வலுப்பெற்றது என்றே கூறலாம்.

மின்சாரத்தால் இயங்கும் சலவை இயந்திரத்துக்கு அமெரிக்கரான ஆல்வா ஃபிஷர் 1910இல் காப்புரிமை பெற்றார். சிகாகோ நகரின் ஹர்லி நிறுவனம் தார் என்ற பெயரில் அத்தகைய இயந்திரங்களை விற்றது. 1937இல் பெண்டிக்ஸ் தானியங்கி இயந்திரம் வெளிவந்தது. 1948இல் பிரிட்டனில் ஹூவர் நிறுவனம் செய்த சிறிய இயந்திரத்தில், துவைத்த துணியைப் பிழிவதற்குக் கையால் சுற்றும் இரு உருளைகள் மேலே பொருத்தப்பட்டிருந்தன. இவை இன்று அருங்காட்சியகங்களிலும், பழம்பொருள் சேர்ப்போர் இல்லங்களிலும் இருக்கின்றன.

நமது நாட்டில் 1980-களின் பிற்பகுதியில்தான் இவ்வியந்திரங்கள் நடுத்தரக் குடும்பங்களை எட்டின. வீடியோகான் இயந்திரத்தின் விளம்பரப் பாட்டைத் தொலைக்காட்சியில் கேளாத வீடு இல்லை எனலாம். புதுச்சேரியில் டிவிஎஸ் வேர்ல்பூல் நிறுவனம் சலவை இயந்திரங்களைத் தயாரித்தது. துவைப்பதற்கு ஒரு தொட்டியும், பிழிந்து உலர்த்துவதற்கு ஒரு தொட்டியுமாக வந்த அக்கால இரட்டைத் தொட்டி இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு நீரைச் சூடாக்கும் கருவி கிடையாது. குழாய் நீர் எப்படி வந்ததோ அப்படியே துவைத்தன. பின்னர், முன்புறம் துணியிடும் தானியங்கி இயந்திரங்களை ஐஎஃப்பி போன்ற நிறுவனங்கள் கொண்டுவந்தபோதுதான், ஐரோப்பிய வழக்கப்படி சூட்டைக் குறிக்கும் எண்களும் நம் வீட்டினுள் நுழைந்தன.

இதற்குள் வெள்ளாவி அணைந்துவிட்டிருந்தது. டெரிலினும் டெரிகாட்டனும் நீராவியைத் தாங்கா. அவற்றைச் சலவைத்தூளில் ஊறவைத்து அலசினாலே போதும். வெளுப்பவரிடம் துணி போடும் வழக்கம் குறைந்து, தேய்ப்பவரிடம் மட்டும் துணி போடும் வழக்கம் நிலைத்தது. வெளியே சென்ற வேலை வீட்டுக்குத் திரும்பி, பெண்களின் தோளில் ஏறியது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் இத்தகையதொரு மாற்றத்தையே விளக்கியுள்ளார். இயந்திரங்கள் வேலையை எளிதாக்கினவே தவிர, தாய்மார் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரத்தைக் குறைக்கவில்லை; ஏனெனில் தூய்மைக்கு உரிய அளவுகோலே உயர்ந்துவிட்டது என்பது அவர் கருத்து. ஒருமுறை தோளில் இட்ட துண்டும் இன்று இயந்திரத்துக்குப் போவதைக் காண்கின்றோம் அன்றோ?

குளிர்ந்த நீர் என்பது யாது?

இங்கே ஒரு வியப்பைக் கூறவேண்டும். நாம் சூட்டை நோக்கிச் செல்லத் தொடங்கிய காலத்தில், கொதிக்கவைத்தே பழகியவர்கள் சூட்டைக் கைவிடத் தொடங்கினர். 1973இல் எழுந்த எண்ணெய் நெருக்கடி எரிபொருளின் அருமையை அவர்களுக்கு உணர்த்தியது. செயற்கை இழைத் துணிகளும் கொதிநீரை ஏற்கவில்லை. நொதிகள் கலந்த சலவைத்தூள்கள் 1960-களில் பரவின. பால், வியர்வை, உணவு ஆகியவற்றின் கறைகளை அறுப்பவை இந்நொதிகள். மிதமான சூட்டில் நன்கு வேலை செய்யும் அவை கொதிநீரில் செயலிழந்துவிடும். 1913இல் ஓட்டோ ரோம் என்பவர் இவற்றை முதன்முதல் சலவைக்குப் பயன்படுத்தியபோது விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்தார். பின்னர் நுண்ணுயிர்களிடமிருந்து பெறும் முறை வந்தது. இதுவும் முற்றிலும் குற்றமற்றது என்று நாம் கூறவில்லை. முன்னதினும் குற்றம் குறைந்தது என்றே கூறுகின்றோம். 2005இல் அமெரிக்காவில் குளிர்ந்த நீருக்கென்றே டைடு நிறுவனத்தார் ஒரு சலவைப்பொருளை விற்கத் தொடங்கினர். அதையடுத்துப் பிரிட்டனில் ஏரியல் நிறுவனத்தார், குமிழை 30க்குத் திருப்புங்கள் என்று மக்களை வேண்டி விளம்பரம் செய்தனர்.

அவர்கள் பெருமுயற்சியோடு இறங்கி வந்த அந்த 30 பாகை, நமது குழாயில் இயல்பாக வரும் நீரின் சூடே ஆகும். சித்திரை மாத நண்பகலில் இராஜபாளையத்து மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீரில் சற்று நேரம் கை வைத்துப் பார்ப்போர்க்கு அது 30ஐயும் கடந்தது என்பது புலனாகும். குளிர்நாடுகளில் குழாய் நீர் 10 அல்லது 15 பாகையே இருப்பதால், 30 என்பது அவர்களுக்குச் சூடேற்றிய நீர். நமக்கோ அது பச்சைத் தண்ணீர். ஒரே நீர் ஒருவர் நிலையிலிருந்து சூடு. மற்றவர் நிலையிலிருந்து குளிர்ச்சி. பொருளை ஒரே நோக்கில் கண்டு முடிவு கூறாதே என்னும் அநேகாந்தக் கொள்கைக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வகுப்பறையில் வேறு கிடைப்பது அரிது. ஐரோப்பியத் தட்பவெப்பத்துக்கு வகுத்த எண்களை நமது ஊருக்கும் விதியாகக் கொள்வது ஏகாந்த நோக்கே ஆகும்.

ஜப்பானியரின் வழக்கமும் கருதத்தக்கது. அவர்கள் வெளியே உடலைக் கழுவித் தூய்மை செய்துகொண்ட பின்னரே வெந்நீர்த் தொட்டியில் அமர்கின்றனர். வீட்டிலுள்ளோர் அனைவரும் அமர்ந்தெழுந்த பின் எஞ்சிய வெதுவெதுப்பான நீரைச் சிறு குழாய் வழியே சலவை இயந்திரத்துக்கு இறைத்துத் துவைப்பதற்குப் பயன்படுத்தும் குடும்பங்கள் அங்கு உண்டு. அலசுவதற்கு மட்டும் புதுநீர். ஒருமுறை காய்ச்சிய நீர் இருமுறை உதவுகின்றது.

மறைந்திருக்கும் நெருப்பு

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். 860 கிலோ கலோரி ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். முன்புறம் துணியிடும் இயந்திரம் துவைப்பதற்கு 15 லிட்டர் நீரைச் சூடாக்குகின்றது என்று கொள்வோம். 30 பாகையிலிருந்து 60க்கு உயர்த்த 450 கிலோ கலோரி, அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். 90க்கு உயர்த்த 900 கிலோ கலோரி, அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். உருளையைச் சுழற்றும் மோட்டாருக்கு இதனினும் மிகக் குறைந்த மின்சாரமே போதும். வாரம் மூன்று முறை 90இல் துவைக்கும் குடும்பம், சூட்டுக்காக மட்டும் ஆண்டுக்கு 160 யூனிட்டுக்கு மேல் செலவிடுகின்றது. அனல்மின் நிலையத்தில் இதற்கு ஏறத்தாழ நூறு கிலோ நிலக்கரி எரிய வேண்டும்.

வெள்ளாவியின் தீ கண்ணுக்குத் தெரிந்தது. புகை ஊர் முழுவதும் அறியும். விறகின் விலையும், விறகு சுமந்தவர் முகமும் தெரியும். இயந்திரத்தின் தீயோ தூத்துக்குடி போன்ற தொலைவிடங்களின் கொதிகலன்களில் எரிகின்றது. வீட்டில் ஒரு சிறு விளக்கு மட்டும் ஒளிர்கின்றது. கண்ணுக்குத் தெரியாத தீ மனச்சான்றுக்கும் தெரியாமற் போய்விடுகின்றது. விறகு அடுக்கித் தீ மூட்டித்தான் ஒவ்வொரு துண்டையும் வெந்நீரில் துவைக்கவேண்டும் என்றால் எவரேனும் துவைப்பரா? எளிமை நமது தேவையைப் பெருக்கவில்லை. தேவையா என்று கேட்கும் வழக்கத்தையே அழித்துவிட்டது.

வெண்மையும் தூய்மையும்

சூட்டை நாடுவோர் பலர் கூறும் காரணம் வெண்மை. ஆனால், வெண்மையும் தூய்மையும் ஒன்றல்ல. நீலம் அழுக்கைப் போக்குவதில்லை. பழுத்த வெண்துணியின் மஞ்சளை நம் கண்ணுக்கு மறைக்கின்றது. இன்றைய சலவைத்தூள்களில் சேர்க்கும் ஒளிர்ப்பொருள்கள், கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியிடுவதால், துணி பளிச்சென்று தோன்றுகின்றது. தோற்றமே அது. பள்ளிச் சீருடையின் வெண்மையைக் கொண்டு பிள்ளையின் ஒழுக்கத்தை அளந்த காலமும் உண்டு. உவர்நீரன்றி வேறு நீர் கிட்டாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? அந்நீரில் சோப்பு நுரைப்பதில்லை, துணியும் மங்கிவிடும். மங்கிய துணி அழுக்குத் துணி ஆகாது.

வெப்பம் உண்மையாகவே வேண்டப்படும் இடங்களும் உள. இராஜபாளையத்துக்கு அருகிலுள்ள சத்திரப்பட்டி, புண்ணுக்குக் கட்டும் மருத்துவத் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. பருத்தியில் இயல்பாகவே மெழுகு உண்டு. காரநீரில் கொதிக்கவைத்து அதனை நீக்கினாலன்றித் துணி ஈரத்தை உறிஞ்சாது. புண்ணில் வைக்குமுன் அதனை 121 பாகை அழுத்த நீராவியில் கிருமி நீக்கவும் வேண்டும். அங்கே வெப்பம் கருணையின் வடிவம். இல்லத்திலும், தொற்றுநோய் கண்டவர் துணி, சிரங்கு பற்றிய பிள்ளையின் படுக்கை, மூச்சுத் திணறல் உடையோர் தலையணை உறை ஆகியவற்றுக்கு 60 பாகை வெந்நீர் தேவைப்படும். அதில் சிற்றுயிர்கள் மடிகின்றன. அது ஹிம்சை அன்று என்று நாம் வாதிடவில்லை. இல்லறத்தார் முற்றிலும் தவிர்க்கவியலாத ஆரம்ப ஹிம்சையின்பாற்படும் அது. நோயுற்றவரைக் காப்பது கடமையாதலின், வருந்தியேனும் செய்யத்தக்கது.

இதற்கு மாறானது காரணமின்றிச் செய்யும் ஹிம்சை. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்திலும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பிலும் கூறப்பெறும் குணவிரதங்களுள் ஒன்று அநர்த்ததண்டத் துறவு. பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் பிரமாதசரியை என்று வகுத்து விலக்கச் சொன்னார்கள். சலவை இயந்திரத்தைக் காணாத காலத்தவர் வகுத்த இவ்விதி, அதன் குமிழுக்கு எவ்வளவு பொருந்துகின்றது! நீரைச் சூடாக்குவது குற்றம் என்று அவர்கள் கூறவில்லை. ஏன் என்று கேளாமல் சூடாக்குவதே குற்றம்.

தடை ஒன்றும் விடையும்

அப்படியாயின் இயந்திரத்தையே நீக்கிவிட்டுக் கையால் துவைக்கலாமே என்பர் சிலர். இங்ஙனம் கூறுவோர் பெரும்பாலும் துவைக்காதவரே. நாம் ஆசிரியப் பயிற்சி விடுதியில் பயின்ற காலத்தில், அவரவர் துணியை அவரவரே துவைக்கவேண்டும் என்பது கல்வியின் ஒரு கூறாகவே இருந்தது. நல்ல பழக்கம் அது. ஆயினும், ஆறு பேர் துணியை நாள்தோறும் ஒருத்தி மட்டும் குனிந்து துவைப்பது கல்வியன்று, சுமை. முதுகெலும்பு தேய்ந்தவரை இயந்திரம் விடுவிக்குமாயின் அதுவும் ஜீவகாருண்யமே.

வேறொரு சிக்கலும் உண்டு. மேலிருந்து துணியிடும் தானியங்கி இயந்திரம் ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேலும் நீர் கொள்ளும். முன்புறம் துணியிடுவது ஏறத்தாழ அதில் பாதி கொள்ளும். ஆனால் அதுவே நீரைச் சூடாக்கவும் வல்லது. ஒன்றில் நீரின் செலவு. மற்றதில் நெருப்பின் செலவு. மழை பொய்த்தால் கண்மாய்கள் வறண்டு குடிநீருக்கே தவிக்கும் நமது வட்டாரத்தில் நீரைச் சிக்கனம் செய்யும் இயந்திரம் நன்று. அதில் சூட்டை நிறுத்தி வைத்தால் இரு செலவும் குறையும். இயந்திரத்திடம் குற்றமில்லை. குமிழைத் திருப்பும் கையிடமே அறம் உள்ளது.

எனவே, குமிழைத் தொடுமுன் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ளும்படி இல்லறத்தாரை வேண்டுகின்றோம். இத்துணி உண்மையில் அழுக்கடைந்ததா? நோயாளி, குழந்தை ஆகியோர் துணியா, அன்றி அன்றாடத் துணியா? இயந்திரம் நிறையும் அளவுக்குத் துணி சேர்ந்துள்ளதா? வெயில் இருக்கின்றதா? இறுதி வினாவே நமது ஊருக்குச் சிறப்பானது. கொடியில் விரித்த துணியைக் கதிரவன் உலர்த்துவதோடு கிருமிகளையும் குறைக்கின்றான். ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் இம்மண்ணில், பச்சைத் தண்ணீரும் பகலவனும் பெரும்பாலான துணிகளுக்குப் போதும். எஞ்சிய சிலவற்றுக்கே வெந்நீர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவோர் அடுப்பில் தீ எரிகின்றது; அத்தீ வீண் என்று எவரும் கூறார். பால் சுண்டும்வரை எரித்து, சுண்டியதும் தணிக்கின்றனர். வேண்டுமளவு எரித்தலும், வேண்டியது முடிந்ததும் தணித்தலும் அவர்கள் அறிந்த தொழில்நுட்பம். அதனையே நாம் இல்லறத்தின் அறமாகவும் கொள்வோமாக. தூய்மையை விடவேண்டியதில்லை, பழக்கத்தின் பெயரால் எரியும் தீயை மட்டும் தணித்தால் போதும். நமது ஆடை சற்று மங்கலாக இருப்பினும், அதன்பொருட்டு வீணே வெந்தது ஒன்றும் இல்லை என்றால், அதுவே உடுத்தத் தகுந்த வெண்மை.